நிஜாம் பாய் கேட்டுத் திரிந்த கேள்வி

நிஜாம் பாய் காலமான செய்தி நம் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலையில் வந்தது. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் மட்டும் விழித்துக்கொள்ளும் குழு அது. நான் அப்போது வேலையில் இருந்தேன். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிவர வேண்டிய வேன் பழுதாகி, வேறொன்றுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். மாற்று வேன் கிளம்பியதை உறுதி செய்துவிட்டுத்தான் அழுதேன். அதுதான் சரியான வரிசை என்று பாயும் சொல்லியிருப்பார்.

நம் சரக்கு நிறுவனத்தில் அவர் சுங்க ஆவணங்களைப் பார்த்தார். நான் லாரிகளை நேரத்துக்கு அனுப்பும் பிரிவின் மேலாளர். உங்களில் பலரைப் போலவே எங்கள் இருவருக்கும் ஒரே பிற்பகலில் வேலை போனது. அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கும்போது, “மேனேஜர் மேடம், இனி லீவுக்கு யாரு கையெழுத்தும் வேணாம் லா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் சனிக்கிழமைகளில் தேக்காச் சந்தையில் ஒரு தேநீர்க்கடையில் சந்திப்போம். நான் போனில் என் பழைய பதவியின் பெயரை மட்டும் தட்டித் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் எட்டிப் பார்த்தார். “இந்தப் பேருல ஊருல எத்தனை நாற்காலி இருக்கும்? பாதியில கம்ப்யூட்டர் ஏறி உக்காந்துடுச்சு. நீங்க பதவியைத் தேடுறீங்க மேடம். வேலையைத் தேடுங்க.” எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பதவிக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

அவர் தேடிய விதமே வேறு. தையற்காரர், டாக்ஸிக்காரர், பல் மருத்துவர் என்று யார் மாட்டினாலும் ஒரே கேள்வி: “உங்க இடத்துல யாரு லீவு போட்டா எல்லாரும் தலையில கை வைப்பீங்க?” ஏன் இப்படி என்று கேட்டேன். “வேலை இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க. இதைக் கேட்டா ஆபீஸ் கதை மொத்தமும் வரும்” என்றார். கதை வந்தது, வேலை வரவில்லை. தெரிந்தவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்கியதுதான் மிச்சம்.

பிறகு ஃபேரர் பார்க்கில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண விருந்து. யாராவது கேட்டால் ‘கொஞ்சம் ஓய்வில் இருக்கிறேன்’ என்று சொல்ல ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். பாய் உட்கார்ந்ததும் மேசை முழுவதற்கும் கேட்கும்படி, “நாங்க ரெண்டு பேருக்கும் வேலை இல்ல” என்று அறிவித்தார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் தன் கேள்வியைக் கேட்டார். எதிரில் இருந்த தாதி ஒருவர், “எங்க டயாலிசிஸ் சென்டர்ல வேன் பிளான் பண்ற அக்கா. அவங்க வரலன்னா பேஷண்ட்லாம் வீட்டு வாசல்லயே காத்திருப்பாங்க. இப்ப அவங்க ரிசைன் பண்றாங்க” என்றார்.

பாய் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மருத்துவத்துறையைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று முணுமுணுத்தேன். “லாரி டிரைவர் வரலன்னா என்ன செய்வீங்களோ, வேன் டிரைவர் வரலன்னாலும் அதான். கண்டெய்னர் திட்டாது, இவங்க திட்டுவாங்க. அவ்வளவுதான் லா.” பதவி சிறியது, சம்பளமும் குறைவு. சேர்ந்தேன். தனக்கே வேலையில்லாதபோது அதை என் பக்கம் தள்ளிவிட்டவர் அவர்.

அவருக்கு நெடுநாள் கழித்தே வேலை கிடைத்தது, பொங்கோலில் ஒரு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில். அங்கே லீவே போடமாட்டார். மூச்சு வாங்குகிறதே, டாக்டரைப் பாருங்கள் என்றால், “நான் போனா அங்க யாரு பார்ப்பா?” என்பார். எல்லாரையும் கேள்வி கேட்டவருக்கு, தான் ஒரேயடியாக லீவு போட்டால் யார் தலையில் கை வைப்பார்கள் என்று தன்னிடம் கேட்கத் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை தேக்காவுக்குப் போனேன். தேநீர்க்கடைக்காரர் வழக்கம்போல, கேட்காமலே எனக்கு ஆற்றிய பால்தேநீரான தே தாரிக்கையும், பாய்க்குச் சீனியில்லாத கடுந்தேநீரான தே ஓவையும் கொண்டுவந்து வைத்தார். “பாய் இன்னிக்கு லீவா அக்கா?”

சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். “என்னையும் கேட்டிருக்காரு. கடையில யாரு லீவு போட்டா கஷ்டம்னு.”

“என்ன சொன்னீங்க?”

“அன்னிக்கு டீ மாஸ்டர்னு சொன்னேன்” என்றவர், அந்தக் கோப்பையை எடுக்காமலே போய்விட்டார்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். வேலை போய் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் கூச்சமில்லாமல் அவர்களுக்காகக் கேட்கிறேன். ஆனால் யாரும் அதைத் திருப்பி என்னிடம் கேட்டுவிடக் கூடாது. பதில் எனக்குத் தெரியும். பாயின் பெயரைச் சத்தமாகச் சொல்ல இன்னும் குரல் வரவில்லை.