ஐந்து இரவு வாடகை

வெள்ளிக்கிழமை காலையில் காஹல் மல்வி பெட்டியோடுதான் அலுவலகத்துக்கு வருவான். பெட்டியை மேஜைக்கடியில் தள்ளி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்ப்பான். டப்ளினில் புதிதாக வேலைக்குச் சேரும் வெளியூர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவு வரை யாராவது ஒரு வீட்டம்மாவின் மாடியறை, மற்ற இரண்டு இரவும் சொந்த ஊர். ஏழு இரவுக்கும் வாடகை கொடுக்க வக்கில்லாதவர்களுக்கு இந்த நகரம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் வழி. கண்டுபிடித்தவன் வீட்டுக்காரனாகத்தான் இருப்பான்.

நான் நோரீன் டல்லி. அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் தலை நரைக்கும் வரை உட்கார்ந்திருக்கிறேன். காஹலுக்கு எனக்கு எதிர் மேஜை. யார் வீட்டிலோ குழாய் வெடித்தது, யாருடைய காரோ சுவரில் மோதியது என்று தொலைபேசியில் அழுகிறவர்களிடம் பேசுவதுதான் எங்கள் வேலை. என்னிடம் பேசுகிறவர்கள் பேசி முடிப்பதற்குள் என்னோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவனிடம் அப்படி இல்லை. எவ்வளவு கத்தினாலும் ஒரே குரலில் பதில் சொல்வான். பொறுமைசாலி என்று மேலாளர் மெச்சிக்கொள்வார். அது பொறுமை இல்லை, அவனுக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை என்பது எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

"எப்படிடா இருக்க?" என்றால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். பல் வலி வந்து கன்னம் வீங்கியிருந்தபோதும் அதையேதான் சொன்னான். பல் வைத்தியரிடம் போகச் சொன்னேன். "தானா வடிஞ்சிடும்" என்றான். வடிந்தும்விட்டது.

சம்பளம் ஆரம்பச் சம்பளம். அதில் பாதி வீட்டம்மா மிஸஸ் அட்ராக்டா ஹெஃபர்னனுக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒரு பங்கு, அவன் கல்லூரிக்காக அப்பா கையெழுத்துப் போட்டு ஊரில் வாங்கிய கடனுக்கு. பிறகு பேருந்து, தொலைபேசி, வயிறு. ஹெஃபர்னன் வீட்டில் அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் ரொட்டி வாட்டும் டோஸ்டரும் மட்டும்தான். அந்தக் கெட்டிலிலேயே முட்டை வேக வைக்கக் கற்றிருந்தான். மின்சாரத்தைத் தின்னும் வெந்நீர் சுவிட்சை அணைக்க ஒருநாள் மறந்துவிட்டான். அதற்கு அந்தம்மா மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. அதில் அவள்மேல் எனக்குக் குறை இல்லை. எங்கள் வீட்டிலும் கொலையைக்கூட மன்னிப்பார்கள், வெந்நீர் சுவிட்சை மன்னிக்க மாட்டார்கள்.

வாரக் கடைசியில் அவன் அறையை, பக்கத்து மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு அவள் வாடகைக்கு விட்டுவிடுவாள். புருஷன் போன பிறகு அவளுக்கும் வீட்டைச் சூடாக வைத்திருக்க அது வேண்டியிருந்தது. "வார விடுமுறைக்கு ஊருக்குப் போறவங்களுக்குத்தான் குடுப்பேன்" என்பது அவளுடைய முதல் நிபந்தனை. போவேன் என்று காஹல் சொல்லித்தான் அறை கிடைத்தது. போகவில்லை என்று தெரிந்தால் அறையும் போய்விடும். பொய் சொன்னவனை வீட்டில் வைத்துக்கொள்ளும் ரகம் இல்லை அவள்.

அவன் போகவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு அப்போது தெரியாது, பிற்பாடு தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். சொந்த மாவட்டமான லீட்ரிமில் அவர்கள் வீடு சின்னது. லாரி ஓட்டும் அண்ணன் யூஜின், இருந்த வாடகை வீட்டை விற்கிறோம் என்று சொல்லி வீட்டுக்காரர் வெளியே அனுப்பிவிட்டதால், மனைவியும் இரட்டைக் குழந்தைகளுமாக அப்பா வீட்டுக்கே வந்துவிட்டான். காஹலின் அறை குழந்தைகளுக்குப் போனது. கொஞ்ச நாள் முன்னறை சோபாவில் படுத்தான். கிறிஸ்துமஸ் முடிந்ததும், முழங்கால் வலியில் மாடியேற முடியாமல் போன அப்பாவுக்கு முன்னறையிலேயே கட்டில் போட்டார்கள். சோபா மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. யாரும் அவனை வராதே என்று சொல்லவில்லை. வந்தால் எங்கே படுப்பாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

அதனால் வீட்டில், சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை என்று சொன்னான். ஹெஃபர்னனிடம், ஊருக்குப் போகிறேன் என்று சொன்னான். இரண்டுக்கும் நடுவில் விமான நிலையத்துக்குப் போனான். பெட்டியைத் தலைக்கு வைத்து நாற்காலியில் தூங்குகிறவனை அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமை அங்கிருந்துதான் வீட்டுக்குப் பேசுவான். அது என்னடா சத்தம் என்று அப்பா கேட்பாராம். ஆபீஸ் ஒலிபெருக்கி என்பானாம். தன் பையன் இல்லாமல் டப்ளின்காரர்களால் சனிக்கிழமைகூட ஓட்ட முடியவில்லை என்று அப்பா ஃபிரான்சி மல்வி ஊர் மதுக்கடையில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

நானும் அவனைச் சும்மா விட்டதில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் குடிக்கக் கிளம்பினால் இவன் மட்டும் பெட்டியை இழுப்பான். அங்கே போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும், தப்ப முடியாது.

"அப்படி என்னடா புதையல் இருக்கு லீட்ரிம்ல? வாராவாரம் அம்மா முந்தானையைப் புடிக்க ஓடற?" என்பேன்.

"அம்மா சமையல், நோரீன்."

"இந்த வாரம் என்ன சமையல்?"

"பன்றிக்கறியும் முட்டைக்கோஸும்" என்பான் கண்ணிமைக்காமல். விமான நிலையத்தில் அவன் சாப்பிட்டது காய்ந்த ரொட்டியும், எங்கள் அலுவலக அலமாரியிலிருந்து எடுத்துப்போன பிஸ்கட்டும்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, வேலைக்கு நடுவில் அவனுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கேட்டுவிட்டு வைத்தான். பாதியில் நின்ற வாடிக்கையாளரை மறுபடி கூப்பிட்டு, அவருடைய கூரைக் கணக்கை முடித்தான். அப்புறம்தான் என்னிடம் சொன்னான்.

"அப்பா போயிட்டாரு. மாரடைப்பாம். கிளம்பறேன்."

எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தேன். மரக்கட்டையைப் பிடித்ததுபோல் இருந்தது.

"யாரும் வர வேணாம், நோரீன். ரொம்ப தூரம். முக்கியமா மிஸஸ் ஹெஃபர்னனுக்குத் தெரிய வேணாம். அவங்களுக்கு வயசாயிடுச்சு."

என்ன மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த நாட்டில் சாவை மறைக்க முடியுமா? எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது மரண அறிவிப்பைத்தான். வியாழக்கிழமை அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டாள் அட்ராக்டா ஹெஃபர்னன்.

"லீட்ரிம்ல ஃபிரான்சி மல்வின்னு போட்டிருக்கு. பசங்க யூஜின், காஹல்னு போட்டிருக்கு. நம்ம பையன்தானே? என் கூரைக்கடியில தூங்கற புள்ளை. நான் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? உங்ககிட்ட கார் இருக்கா?"

இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் வீட்டுச் சாவுக்குப் போகாமலிருந்தால் அதைச் சாகும்வரை நினைவு வைத்திருப்பார்கள். போனதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சாயங்காலமே கிளம்பினோம். வழியெல்லாம் மழை. வழியெல்லாம் அவள் எனக்கு எப்படி கியர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலிலிருந்து சாலை வரை வரிசை நின்றது. முன்னறையில் திறந்த சவப்பெட்டியில் ஃபிரான்சி மல்வி கிடந்தார். கட்டிலைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்து நாற்காலிகளில் அம்மா பிலோமினா, யூஜின், அவன் மனைவி, கடைசியில் காஹல். வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க கஷ்டத்துக்கு வருந்தறோம்" என்று சொல்லி நகர வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லலாம். அட்ராக்டா ஹெஃபர்னனுக்குச் சொல்லத் தெரியும்.

நாங்கள் வாசற்படியில் கால் வைத்ததுமே காஹல் பார்த்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. கையை முழங்காலில் வைத்தபடி, வரிசை நகர நகர எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அட்ராக்டா போய், காஹலின் அம்மா கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க டப்ளின்ல வீட்டுக்காரம்மா. ஒண்ணு மட்டும் சொல்றேன். தங்கமான புள்ளையைப் பெத்திருக்கீங்க. ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்ல, அம்மா அப்பாவைப் பாக்கணும்னு பெட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவான். கடைசி வரைக்கும் வாராவாரம் அப்பா முகத்தைப் பாத்துட்டான் பாருங்க. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது?"

யூஜின் தலையைத் தூக்கினான். "என்னது? இவன் எங்க—"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் விடுவித்து யூஜின் முழங்காலை அழுத்தினாள். நரம்பு புடைக்கிற அழுத்தல்.

"ஆமாங்க, வாராவாரம் வந்துடுவான்" என்றாள். "அவருக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்."

அட்ராக்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். காஹல் அவளுக்குக் கை கொடுத்தான். "இவ்வளவு தூரம் வந்தீங்களே, நன்றி மிஸஸ் ஹெஃபர்னன்" என்றான், இழப்பீடு கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் பேசும் அதே குரலில். அவன் கை எனக்கு வந்தபோது சில்லென்று இருந்தது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அந்த முழங்காலைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது.

மீதி சமையலறையில் புரிந்தது. சாவு வீட்டுக்குப் போன பெண்பிள்ளை சும்மா உட்காரக் கூடாது, அதனால் கோப்பை கழுவ நின்றேன். அட்ராக்டா பக்கத்து அறையில் தன் வழியில் தூரத்து உறவு ஒருவரைக் கண்டுபிடித்து, பன்றிக்கறி சாண்ட்விச்சோடு ஆழ்ந்துவிட்டாள். கூட்டம் குறைந்ததும் அம்மா, யூஜின், காஹல் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். யூஜின் கதவைச் சாத்தினான். என்னைப் பார்த்தான். கழுவட்டும் என்று விட்டுவிட்டான்.

"எங்ககிட்ட ஆபீஸ்னு சொன்ன. அந்தம்மாகிட்ட இங்க வர்றேன்னு சொன்ன. நடுவுல எங்கடா இருந்த? எவ வீட்ல?"

"ஏர்போர்ட்ல."

"ஏர்போர்ட்ல என்ன புடுங்கின?"

"தூங்கினேன்."

யூஜின் கதவில் சாய்ந்துகொண்டான். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா? நாங்க என்ன அந்நியமா?"

"சொன்னா எங்க படுக்க வெச்சிருப்ப?"

கோபமாகக் கேட்கவில்லை. பாலிசி எண் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டான். யூஜின் மாடியைப் பார்த்தான். மேலே குழந்தைகளில் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. லாரியை விற்றாலும் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் தேறாதவன். கதவைத் திறந்துகொண்டு குழந்தையைப் பார்க்கப் போய்விட்டான்.

அம்மா என் கையிலிருந்து துண்டை வாங்கினாள். ஒரு கோப்பையைத் துடைத்தாள். அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குளிருச்சாடா கண்ணு?"

"இல்லம்மா. உள்ள ஹீட்டர் போட்டிருப்பாங்க."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. எல்லாரும் பிளேனுக்குக் காத்திருக்கறவங்க."

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன், எல்லோருக்கும் சுலபமாகப் போயிருக்கும். அவள் அழவில்லை. கோப்பையை ஆணியில் மாட்டினாள்.

"அப்பா கட்டில் இனிமே காலிதானே" என்றாள். "வெள்ளிக்கிழமையானா வந்துடு."

"சரிம்மா."

திரும்பி வரும்போது அட்ராக்டா, நல்ல குடும்பம், நல்ல சாண்ட்விச், ரொட்டியில் மட்டும் வெண்ணெய் கம்மி என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் அறை பிழைத்தது. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரவே அவன் அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். திங்கட்கிழமை வேலைக்கு வந்தான்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் உண்மையாகவே ஊருக்குப் போகிறான். பேருந்துக் கட்டணத்துக்காக மதியச் சாப்பாட்டை வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிட்டான் என்பதைக் கண்டுபிடித்து, நான் ரொட்டியைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட முடியவில்லை என்று திட்டிக்கொண்டே அவன் பக்கம் தள்ளுகிறேன். அவனும் நம்புவதுபோல் சாப்பிடுகிறான்.

அப்படிச் சாப்பிடும்போது ஒருநாள் கேட்டேன். "அந்தக் கட்டில்ல படுத்தா தூக்கம் வருதாடா?"

"நல்லாவே வருது" என்றான். கொஞ்ச நேரம் மென்றான். "அம்மா அதைச் சொன்னப்ப அப்பா இன்னும் முன்னறையில பெட்டியிலதான் இருந்தாரு, நோரீன். எனக்கு அழுகையே வரல. வெள்ளிக்கிழமை படுக்க எடம் கெடச்சுடுச்சுன்னு நிம்மதியா இருந்துச்சு."