தாய்மொழி: மலையாளம்

கண்ணகிக்குக் கோபம் வந்தால் கரியாலூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். பதினோரு வருஷமாக, மலைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். படிப்பை விட்ட பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது, பதினாறு வயசில் நடக்கப்போகிற கல்யாணத்தை நிறுத்துவது, ரேஷன் கார்டுக்கு அலைவது என்று கல்வராயன் மலையில் அவள் கால்படாத ஊர் இல்லை. அவளும் அந்த மலையில் பிறந்த மலையாளிதான். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். கேரளாவுக்கும் இந்தப் பழங்குடிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

இது தெரியாத மகராசன் ஒருவர் கீழே ஏதோ ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்திருக்கிறார். பிளஸ் டூ முடித்த மலைப்பெண் சுபஸ்ரீயின் டி.சி.யில் சாதி மலையாளி என்று எழுதியவர், பேனா மூடாத கையோடு தாய்மொழி மலையாளம் என்றும் எழுதி வைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவளுடைய சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சான்றிதழ் தராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். சுபஸ்ரீயின் அப்பா சடையன் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கெடைச்சா படிக்கட்டும். இல்லன்னா சனிக்கெழம எங்ககூட கேரளா எஸ்டேட்டுக்கு வரட்டும். வயசுப் பொண்ண வூட்ல தனியா வுட்டுட்டு எப்புடிம்மா போறது?"

புதன்கிழமை காலையில் கண்ணகி அப்பாவையும் மகளையும் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சான்றிதழ் தரும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர்.

"கேரளாக்காரங்களுக்கு இங்க எஸ்.டி. சான்றிதழ் தர முடியாதுங்களே."

"சார், இவங்க கேரளா இல்ல சார். எங்க சாதிப் பேரே மலையாளிதான். அந்த பாஷையில ஒரு வார்த்த கூட இந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

அரை மணி நேரம் மூச்சு விடாமல் விளக்கினாள். அதிகாரியின் முகம் இளகி வந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சடையனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, உங்களுக்கு மலையாளம் தெரியுமா?"

எந்த ஆபீசிலும் சடையனிடம் உனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நன்னாயிட்டு அறியாம் சாரே!" என்றார். நன்றாகவே தெரியுமாம்!

அதிகாரி பேனாவை மூடினார். கண்ணகி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா நீ! பொண்ணு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

சுபஸ்ரீ அழவே ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் சடையனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

"சார், அது எங்க பாஷ இல்ல சார். பதினெட்டு வருசமா அங்க கூலிக்குப் போய்க்கினு இருக்கேன். பேசத் தெரியலன்னா மேஸ்திரி ஏமாத்திடுவான்னு கத்துக்கினேன். எங்கம்மா எங்கிட்ட அதுல ஒரு வார்த்த பேசினதில்ல. எம் பொண்ணு அதக் கத்துக்க வேணாம் சார். அவ படிக்கட்டும்."

கண்ணகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சீட் கிடைத்ததிலிருந்து, 'கெடைச்சா' என்ற ஒட்டு இல்லாமல் மகள் படிக்க வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

அதிகாரி டி.சி.யை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, தலைமை ஆசிரியரிடம் திருத்தக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். மறுநாள் தானே மலைக்கு வந்து விசாரிப்பதாகவும் சொன்னார். கண்ணகி கடிதத்தை வாங்கிவிட்டாள்; அவரும் சொன்னபடி ஜீப்பில் வந்தார், நாலு வீட்டில் விசாரித்தார். சுபஸ்ரீயின் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் ஊரே ஒப்பித்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே சுபஸ்ரீயைச் சேர்த்துவிட்டார்கள்.

சனிக்கிழமை விடியற்காலையில் கண்ணகியின் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். சடையனும் அவர் மனைவியும் எஸ்டேட்டுக்குப் புறப்பட்டு, மூட்டையோடு நின்றார்கள். நடுவில் சின்ன மகள் இசைவாணி, எட்டு வயசு, தோளில் புத்தகப் பை.

"தங்கச்சி, நாங்க திரும்பி வர மூணு மாசம் ஆவும். இவ பள்ளிக்கூடம் கெட வேணாம். உங்க ஆஸ்டல்ல சேத்துக்கோ."

இத்தனை வருஷமும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் வீடு வீடாகப் போய் அவள்தான் மன்றாடியிருக்கிறாள். பெற்றவர்களே தேடி வந்து பிள்ளையை ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை.

"நீயாவே கூட்டிக்கினு வந்தியாண்ணா?" என்று கேட்ட கண்ணகி, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள்.