எந்த மீன், எங்கே, எப்படி: சுவரிதழ் நடத்திய கதை

தமிழாசிரியர் வேலையில் செய்யுள் நடத்துவது சுகம், இலக்கணம் நடத்துவது கடமை, கட்டுரை நோட்டு திருத்துவது மட்டும் போன ஜென்மத்துப் பாவம். அந்தப் பாவத்தைச் சிவப்புப் பேனாவோடு கழித்துக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

திருநள்ளாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, டி.ஆர். பட்டினம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த புதிது. நிலக்கரி லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே பஸ் நொண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பேசச் சொன்னால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். எழுதச் சொன்னால் பேனாவில் மை இல்லை என்பார்கள்.

மாம்பழம் பேசுகிறது

மாணவர்களின் எழுத்துத் திறனை வளர்க்கப் பயிற்சி என்று காரைக்காலுக்குக் கூப்பிட்டார்கள். தலை நரைத்த ஆசிரியர்களை வட்டமாகத் தரையில் உட்காரவைத்து, 'நான் ஒரு மாம்பழம்' என்று தன்வரலாறு எழுதச் சொன்னார்கள். எழுதினோம். என் மாம்பழம் இரண்டாவது பத்தியிலேயே அழுகிவிட்டது. ஆனாலும் அன்றைக்குச் சொன்ன சில விஷயங்கள் எனக்குப் பிடித்துப்போயின. சங்கிலிக் கதை, சுவரிதழ், ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று கேள்வி கேட்பது. பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வார்த்தையில் எழுத வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டரிடம் போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போர்ஷன முடிச்சிட்டு எத வேணாலும் பண்ணுங்க சார்."

சங்கிலிக் கதை

ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கதையை வளர்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினேன். "ஒரு ஊரில் ஒரு தையல்காரர் இருந்தார்" என்றேன். முதல் பெஞ்சு அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தது. அடுத்த பெஞ்சு குழந்தை கொடுத்தது. மூன்றாவது பெஞ்சில் அலை வந்து எல்லோரையும் கொண்டுபோய்விட்டது.

சரி, கடலே வேண்டாம் என்று ஒரு ராஜாவை மலைக்கு மேல் அரண்மனையில் உட்கார வைத்தேன். பத்திரமாகத்தான் இருந்தார். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, அலை மலைக்கு மேலும் ஏறியது என்றான். யாரும் சிரிக்கவில்லை. சுனாமி வந்தபோது இந்தப் பிள்ளைகள் மூன்றாவது நான்காவது படித்துக்கொண்டிருந்தவர்கள். ஏண்டா இப்படி எல்லாக் கதையிலும் அலை வருகிறது என்று மட்டும் கேட்டேன். "வேற எப்புடி சார் கதைய முடிக்கறது?" என்றான்.

மூன்று கேள்வி

அந்த வகுப்பில் பட்டினச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த பெண் வினோதினி. 'என் தந்தை' என்ற தலைப்பில் அவள் எழுதிய முதல் கட்டுரை மொத்தமே இரண்டு வரி. 'எங்கள் அப்பா நல்லவர். அவர் மீன் பிடிப்பார்.' பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினேன்: எந்த மீன்? எங்கே? எப்படி?

திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். களவா, சங்கரா என்று மீன் பெயர் வந்திருந்தது. 'கடலில்' என்றும் ஒரு சொல் வந்திருந்தது. கடல் என்ன பாத்திரமா, அதில் எந்த இடம் என்று திருப்பிக் கொடுத்தேன். படிக்கிறவன் அங்கே நேரில் போய் நிற்பதுபோல இருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போகாமல் கொஞ்ச நேரம் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். பிறகு கேட்டாள்: "எல்லாத்தையுமா சார் எழுதணும்?"

சுவரிதழ்

அடுத்த வாரம் ஒரு முழுப் பக்கம் வந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு கட்டுரையைத் திருத்தியதில்லை. அவளுடைய அப்பா கலியபெருமாள் ஃபைபர் படகில் தனியாகப் போகிறவர். ஒருநாள் அவருடைய தூண்டில் எதிலோ மாட்டியிருக்கிறது. கீழே ஒரு பழைய விசைப்படகு மூழ்கிக் கிடப்பதும், அதைச் சுற்றி மீன் அடைந்து கிடப்பதும் அவருக்குத் தெரியவந்திருக்கிறது. 'துறைமுகத்துக் கிரேனுக்குப் பின்னால் செல்போன் டவர் மறையும் வரை அப்பா போவார். வடக்கே கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டி நிற்பதுபோல் தெரிந்ததும் நங்கூரம் போடுவார். அங்கே தூண்டில் விட்டால் வெறும் கையோடு வரமாட்டார்' என்று எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழை மட்டும் ஒன்றிரண்டு.

பெற்றோர் கூட்டத்தன்று அதைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் ரூமுக்கு வெளியே ஒட்டினேன். அதுவரைக்கும் அந்தச் சுவரை ஒரு பெற்றோரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கூட்டம் கூடிவிட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் தெரியாதவர்களுக்காக உரக்கப் படித்தார். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்கள். வினோதினி வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பரிசு வாங்கப்போகிறவன் மாதிரி அங்கேயே நின்றேன். கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "புள்ள என்னமா எழுதிருக்குது சார்! கண்ண மூடிக்கிட்டுப் போயிடலாம் போல இருக்கு."

கலியபெருமாள்

நான் வயல்காட்டுப் பக்கத்து ஆள். எங்கள் நிலம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், வரப்பு போட்டிருக்கும். கடலில் வரப்பு கிடையாது. மீன் அடையும் இடம் ஒருவனுக்கு அகப்பட்டால் அதைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியாது. அதே வாரத்தில் அந்த இடத்துக்கு நாலைந்து படகு போய் வலை விட்டிருக்கிறது. மூழ்கிக் கிடந்த படகில் மாட்டி வலைகள் கிழிந்து, அதன் மேலேயே போர்த்திக்கொண்டன. மீனும் போயிற்று. அதற்கப்புறம் தூண்டில் போட்டால் கந்தல் வலைதான் மாட்டியது.

கலியபெருமாள் ஒரு மத்தியானம் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர் சத்தமே போடவில்லை. சுவருக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டி, விரல் வைத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. கூடக் கடலுக்கு வரும் மகனுக்குக்கூட அந்த இடத்தைச் சொன்னதில்லை என்றார். அப்படியென்றால் வினோதினிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது. "பையன் கடலுக்கு வர்றவன் சார், கூட்டாளிகிட்ட உளறிப்புடுவான். பொட்டப்புள்ளதானேன்னு இதுகிட்ட சொல்லிவச்சேன். ஒண்டியாப் போறவன், ஒருநா திரும்பலன்னா எங்க வந்து தேடுறதுன்னு வீட்ல ஒருத்தருக்காவது தெரியணுமில்ல?"

பொன்மொழி

அவர் போனதும் ஹெட்மாஸ்டர் வெளியே வந்து சார்ட்டைத் தன் கையாலேயே கிழித்தார். கிழிய வேண்டியதெல்லாம் கடலில் ஏற்கெனவே கிழிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் பசை மட்டும் நாலு மூலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்: "தெனம் ஒரு பொன்மொழிய எழுதிப் போடுங்க சார், ஒரு வம்பும் வராது."

காற்று

வினோதினியைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, எப்போதும் போலத்தான் வந்தாள். ஆனால் ஐப்பசியில் காற்று கொஞ்சம் பலமாக அடித்துவிட்டால் போதும், அவள் பேனா நின்றுவிடும். கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஒருநாள் பொறுக்காமல் கூப்பிட்டுக் கேட்டேன், வீட்டில் இன்னும் திட்டுகிறார்களா என்று.

இல்லை என்று தலையாட்டினாள். திட்டினால் தேவலை என்பதுபோல் இருந்தது முகம். அப்பா இன்னும் தனியாகத்தான் போகிறாராம், புதிதாக வேறு எங்கோ. ஒரு வார்த்தை கேட்டால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாராம். பிள்ளைக்கு என்ன ஆறுதல் சொல்வது? பயிற்சியில் அதெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளேதான் கடைசியில் சொன்னாள்: "ஒரு வார்த்தகூட திட்டல சார். எங்க போறேன்னு சொல்றதத்தான் நிறுத்திட்டாங்க."

பத்தாம் வகுப்பு

மறு வருஷம் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள், நானும் வந்தேன். 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். வினோதினியின் தாளை முதலில் எடுத்துப் பார்த்தேன். முன்னுரை இருந்தது, உட்தலைப்புகள் இருந்தன, முடிவுரையும் இருந்தது. 'இல்லம் என்பது அன்பின் ஆலயம். தந்தை குடும்பத்தின் தூண். தாய் அதன் விளக்கு' என்று, கடையில் விற்கும் நோட்ஸில் இருந்ததை ஒரு புள்ளி பிசகாமல் இறக்கியிருந்தாள். ஒற்றுப்பிழைகூட இல்லை. பொதுத்தேர்வில் திருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுவார். நானும் போட்டேன். போடுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, சொந்தமாக ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே என்றேன். அவள் தாளை வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், எதையோ சரிபார்க்கிறவள் மாதிரி. பிறகு எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சொன்னாள்: "இதுல எங்க வீட்டப் பத்தி ஒண்ணுமே இல்ல சார். நீங்க எங்க வேணும்னாலும் ஒட்டிக்கலாம்."

ஆகையால் சக பாவிகளே, பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து மனப்பாடமாக எழுதினால் உடனே சிவப்புப் பேனாவைத் தூக்காதீர்கள், அவர்கள் வீட்டில் யாராவது இன்னும் கடலில் இருக்கலாம்.