சட்டி என்னுது, அடுப்பு அவனுது

தோட்டத்துல மீன் வறுக்கச் சட்டி அடுப்பு வாங்க வர்றவங்க பண்ற பிகுவ, பொண்ணு பாக்கப் போற எடத்துலகூட நீங்க பாக்க முடியாது. எங்க பக்கம் சமையக்கட்டுல சாமி மாடம் இருக்கும். அதனால மீனுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, ரெண்டும் வூட்டுக்கு வெளியதான். முத்தியால்பேட்டையில அந்த இரும்புச் சட்டியும் இரும்பு அடுப்பும் வித்தவன் நான். நீங்களும் கடை வச்சவங்கன்னா என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நீல நெருப்பு

பிரெஞ்சுக்காரன் கொடி எறங்குன கொஞ்ச நாள்ல எனக்கு எதிர்த்தாப்புல ஏழுமலை கடை போட்டான். மண்ணெண்ண ஊத்திப் பம்ப் அடிக்கிற பித்தள ஸ்டவ்வு, கூடவே அலுமினியச் சட்டி. சாயங்காலமானா வாசல்ல ஒன்னப் பத்த வைப்பான். அது 'புஸ்'ஸுன்னு நீலமா எரியும். பாவிப் பய ஜனம், என் கடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்!

குருசுக்குப்பத்து மீன்காரி அஞ்சல கெழங்கான் கூடைய என் வாசல்ல எறக்கி வச்சிட்டு அங்க போயி வேடிக்க பாத்தா. எனக்குப் பொறுக்கல. "இன்னா அஞ்சல, நம்ம அடுப்புல வெறகு வச்சி வறுத்தா ஒரு பொக வாசன வருமே, அது வருமா அதுல?"ன்னு கேட்டேன்.

"மீனுக்கு வந்தாப் பரவால்லண்ணே, எம் பொடவைக்கில்ல வருது!"

கடக்காத்து

சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து பென்சனோட திரும்புன அந்தோணி முசியே, போயும் போயும் ஏழுமலைகிட்ட ஸ்டவ்வு வாங்கிட்டாரு. அவரு வூடு கடலோரம். தோட்டத்துல வச்சி வறுக்கும்போது காத்து வீசி ஸ்டவ்வு அணைஞ்சி அணைஞ்சிப் போச்சாம். கேட்டதும் எனக்கு ரெண்டு வாய் சோறு கூடவே எறங்குச்சி.

மறுநாள் அவரே என் கடைக்கு வந்தாரு. மாட்டுனாருய்யான்னு மூணு பக்கம் மூடுன அடுப்ப எடுத்து வச்சேன். தொறந்த பக்கத்த மேக்கப் பாத்து வச்சா எந்தக் கடக்காத்தும் ஒன்னும் பண்ணாதுன்னு தொண்டத்தண்ணி வத்த வெளக்குனேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு.

"மெர்சிப்பா! அப்ப அந்த ஸ்டவ்வச் சுத்தி மூணு பக்கம் தகரம் வச்சாப் போதும்ல?"

பளபளப்பு

என் சட்டிய நான் சும்மா குடுக்கமாட்டேன். கஞ்சித் தண்ணி கொதிக்க வச்சி, எண்ண தடவி, வெங்காயம் தேச்சிப் பழக்கித்தான் குடுப்பேன். அப்படி வாங்கிட்டுப் போன பக்கத்துத் தெரு மருமகப் பொண்ணு, வஞ்சிரம் ஒட்டுதுன்னு சட்டியோட வந்து நின்னுச்சி. பாத்தா, புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேச்சி வெளுக்க வச்சிருக்குது! கறுப்பா இருந்தாத்தாம்மா ஒட்டாதுன்னு தலையில அடிச்சிக்கிட்டேன்.

"வெளிய வச்சில்லண்ணே வறுக்கிறேன்? எதுத்தவூட்டுக்காரியோட அலுமினியச் சட்டி வெள்ளியாட்டம் மின்னுது. நான் மட்டும் கறுப்பா வச்சிக்கிட்டு ஒக்காரணுமா?"

சீர்

எம் பொண்ணு செல்விய கனகசெட்டிக்குளத்துல குடுக்கப் பேசுனோம். சீருக்குன்னு என் கடையிலயே நல்ல சட்டி ஒன்னு, நல்ல அடுப்பு ஒன்னு எடுத்து வச்சேன். சம்மந்தியம்மா வந்து சட்டியத் தட்டிப் பாத்துத் தலைய ஆட்டுனாங்க. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்திச்சி. அப்பப் பாத்து எதிர்க்கடையில ஸ்டவ்வு 'புஸ்'ஸுன்னுச்சி. "சட்டி இருக்கட்டும். அடுப்புக்குப் பதிலா அதை எடுத்துடுங்க"ன்னுட்டாங்க.

மாட்டேன்னா சம்மந்தம் முறிஞ்சிடும். எங்கிட்ட வாங்காதவன்லாம் வாங்குற கடைக்கு, எம் பொண்ணு சீருக்காக நானே தெருவத் தாண்டிப் போனேன். ஏழுமலை எழுந்து தன் ஸ்டூல எனக்குப் போட்டான். ஸ்டவ்வத் தன் துண்டால தொடச்சிக் குடுத்தான். ஒரு நக்கல் சிரிப்பு சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆடிக்கு வந்த செல்விகிட்ட, சட்டி எப்படிம்மா இருக்குதுன்னு மொதக் கேள்வியே கேட்டேன். மீன் ஒட்டவே இல்ல, தோலு மொறுமொறுன்னு முழுசா வருதுன்னா. நெஞ்ச நிமித்திக்கிட்டு, "ஒங்க மாமியா இன்னா சொல்றாங்க?"ன்னேன்.

"வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், 'எல்லாம் அந்த ஸ்டவ்வோட கைராசி'ன்றாங்கப்பா!"

ஆகவே மகாஜனங்களே, கடை வைக்கிறதுன்னா எதிர்ப்பக்கம் வெறும் மதிலா இருக்குற தெருவாப் பாத்து வச்சிக்குங்க.