பினாங்கு மலைக்கு ஒரு கல்யாண மூங்கிலோடு

பினாங்கு மலைக்கு எல்லோரும் மேலிருந்து ஊரைப் பார்க்கப் போவார்கள். போன சனிக்கிழமை நானும் மனைவி கவிதாவும் ஒரு மூங்கில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் திருமணத்தில், மூங்கில்போல் சுற்றம் முசியாமல், அதாவது சொந்தபந்தம் குறையாமல், வாழவேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்தினார்கள். கேமரன் மலையில் பூந்தோட்டம் வைத்திருக்கும் அவளுடைய தாய்மாமா வாழ்த்தோடு நிற்கவில்லை, மூங்கிலையே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்.

அது குளிர்நாட்டு மலை மூங்கில். நம் முள் மூங்கில்போல் பூதாகாரமாக வளராது. விரல் பருமன் கழி, புதுக் கழிமேல் திருநீறு பூசியதுபோல் வெள்ளைப் பொடி, ஒடுக்கமான மெல்லிய இலை. வேர் கண்டபடி ஓடாது. தாய்க்கழியை ஒட்டியே குருத்து விடும். எல்லாம் சரி, நாங்கள் குடியிருக்கும் பாயான் பாரு வெயில்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதியமானால் எங்கள் பால்கனியில் இலையெல்லாம் ஊசியாகச் சுருண்டுவிடும். நானும் தொட்டியில் மீன் வளர்க்கலாம் என்ற அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அடி இலைகள் பழுத்து உதிர்ந்ததுதான் மிச்சம். கல்யாண மூங்கில் பட்டுப்போனால் நல்லதில்லை என்று கவிதா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பால்கனிக்குத்தான் போவாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மலைமேல் ஒரு பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கவிதாவின் தோழி சுமதி, மேலே குளிராக இருக்கும் என்று அதைக் கொண்டுவரச் சொன்னாள். சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. ஒன்றரைக்குக் கார் அழைத்தோம்.

"அண்ணே, இது கார் பின்னாடி பூட்ல நுழையாதுலா. பின் சீட்ல வைங்க, மண்ணு மட்டும் கொட்டாம பாத்துக்குங்க" என்றார் ஓட்டுநர். கவிதா தொட்டிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள்.

ஆயர் ஈத்தாமில் உள்ள மலை ரயிலின் அடிவார நிலையத்துக்கு அரை மணி நேரம், இருபது வெள்ளி (ரிங்கிட்). ரயிலுக்குப் போகவர இருவருக்கும் இருபத்துநான்கு வெள்ளி. வரிசையில் வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்த இலையும் சுருண்டுகொண்டது. கவிதா துப்பட்டாவை விரித்து அதற்கு நிழல் பிடித்தாள்.

ரயில் பத்தே நிமிடத்தில் மேலே ஏற்றிவிட்டது. சுமதி தொட்டியை மரநிழலில் வைத்து, எங்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால், இலைகள் ஒவ்வொன்றாக விரிந்திருந்தன. சுமதி மேல்மண்ணைக் கிளறினாள். தாய்க்கழியை ஒட்டி ஒரு குருத்து முட்டிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கவிதா அழுதுகொண்டே மாமாவுக்கு அழைத்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. கீழ வெயில்ல இலையெல்லாம் சுருண்டுபோச்சு. மூங்கில இங்க மலையிலயே விட்டுட்டுப் போறோம்."

"இதுக்கா அழுவுற? வெயில் தாங்காம இலையச் சுருட்டிக்கும்மா, உள்ள இருக்கிற ஈரத்தைக் காப்பாத்திக்க. செத்தா திரும்ப விரிக்காது. அங்கயே இருக்கட்டும். சொந்தபந்தம்னா எல்லாரும் ஒரே வீட்லயா இருக்காங்க?"

செடியோடு மலையேறுபவர்கள் டிக்கெட் முகப்பில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வார நாளில் போனால் வரிசை குறைவு. கட்டணம் மாறலாம். மலை மூங்கில் உங்கள் வீட்டில் இலையைச் சுருட்டினால் குடம் குடமாக ஊற்றாதீர்கள். நிழலுக்கு நகர்த்தி, சாயங்காலம்வரை பொறுத்துப் பாருங்கள். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் அடி இலைகளாவது தப்பித்திருக்கும்.

கிளம்பும்போது நான் சுமதியிடம் விடைபெற்றேன். கவிதா குனிந்து மூங்கிலிடம் சொன்னாள்: "போயிட்டு வரோம்."