இரண்டாவது பானையில் விழுந்த இறால் சாறு

1. தண்ணி

மன்னார்த் தீவில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினியில் பதினெட்டு வருடம் சமைத்தேன். என் ஊர் ஓலைத்தொடுவாய். சூப் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ஸ்டெல்லாக்கா வைச்சால் கோப்பையை வழிச்சுத்தான் வைப்பினம்" என்று மனேஜரே சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கரையில் இறால் உடைத்தால் தலையை எறிய மாட்டோம். உரலில் இடித்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து, துணியில் வடித்து, அந்தச் சாற்றைக் கூழுக்கும் சூப்புக்கும் விடுவோம். அதை நாங்கள் இறால் என்று கணக்கில் எடுப்பதில்லை. சதை கிடந்தால்தான் இறால். சாறு எங்களுக்கு வெறும் தண்ணி. இந்தக் கணக்கு ஒரு நாளும் எனக்குப் பிழையாகப் படவில்லை.

2. தனிச் சூப்

ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொழும்பிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். காலையில் மனேஜர் குசினிக்குள் வந்தார்.

"அக்கா, ஒரு மிஸ்ஸுக்கு இறால், நண்டு ஒண்டும் ஒத்துவராதாம். அவவுக்குத் தனிய ஒரு சூப் வையுங்கோ."

"ஓம் ஓம். இதென்ன பெரிய காரியமே?"

அந்தப் பிள்ளையும் பின்னாலேயே வந்துவிட்டது. முப்பது வயது இருக்கும். பயந்த முகம்.

"அன்ரி, கொஞ்சம் பட்டாலும் எனக்கு மூச்சு அடைக்கும். கவனமாப் பாருங்கோ."

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. ஒரு துண்டும் கிடவாது."

பொய் சொல்லவில்லை. ஒரு துண்டும் கிடக்கவில்லைத்தான்.

பெரிய பானையில் இறால் சூப் கொதித்தது. சின்னப் பானையில் பூசணி, மரவள்ளிக்கிழங்கு, பயறு, முருங்கையிலை. நல்ல சத்தான சூப். ஆனால் ருசி பார்த்தபோது சப்பென்று இருந்தது. என் கையால் சப்பென்ற சூப் போவதா? வடித்து வைத்திருந்த சாற்றை எடுத்தேன்.

என்னோடு வேலை செய்த பரமேஸ்வரி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். பெரியமடுக்காரி, நெல் விதைக்கிற குடும்பம். அவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கையைத் துடைத்தபடி கிட்ட வந்தாள்.

"அக்கா, அது இறால் தலைச் சாறெல்லோ? அவ மூச்சு அடைக்கும் எண்டு சொன்னவ."

"எடியே, வயலுக்கை நிண்ட உனக்குக் கடல் சாமானைப் பற்றி என்ன தெரியும்? இது வடிச்ச தண்ணி. நீ உன்ரை வேலையைப் பார்."

இரண்டு அகப்பை விட்டேன். சூப் மணத்தது. பரமேஸ்தான் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். பரிமாறுவது அவள் வேலை.

3. அடுப்பு

அந்தப் பிள்ளை நாலு கரண்டி குடித்திருக்கும். உதடு வீங்கியது, கண் வீங்கியது, பிறகு குரலே வரவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். கதிரையிலிருந்து வழுக்கி விழப்போன அந்தப் பிள்ளையைக் கூட வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய பையிலேயே இதற்கென்று ஒரு மருந்து ஊசி இருந்தது. ஒருத்தி எடுத்துத் தொடையில் குத்தினாள். வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது. மாதாவே, பிழைக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ!

மனேஜர் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன நடந்தது? ஒரே அகப்பையால ரெண்டு பானையையும் கலக்கினதோ?" பரமேஸைப் பார்த்தார். "நீர்தானே கொண்டுபோய்க் குடுத்தனீர்?"

பரமேஸ் என்னைப் பார்த்தாள். நான் திரும்பி அடுப்பைக் குறைத்தேன். அதில் பானையே இல்லை.

"ஓம் சேர், நான்தான் குடுத்தனான்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. வேலை எடுத்துக் கொடுத்தவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாளாக்கும். அவள் அன்று வாய் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். திறக்காததால் அவளுடைய வேலை போனது. அந்தக் கிழமையே அவளை நிற்பாட்டினார்கள். வீட்டில் அவளுடைய சம்பளம் ஒன்றுதான். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

4. திருத்திய குசினி

பிறகு நான் திருந்தினேன். வெட்கக்கேடு, குசினியில் மட்டும் திருந்தினேன்.

குசினியில் நிற்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வாமை உள்ளவருக்குச் சமைப்பதென்றால் அந்தச் சமையலை முதலில் முடியுங்கள். உரல், பலகை, கத்தி, அகப்பை எல்லாம் வேறாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் சூப் கட்டியின் பெட்டியைத் திருப்பி வாசியுங்கள். பால்மா, கோதுமை, சோயா என்று உள்ளே பல சாமான் இருக்கும். தடிப்பாக வர வேண்டும் என்றால் கோதுமை மா வேண்டாம், அவித்த மரவள்ளியை மசித்துக் கரையுங்கள். முந்திரி அரைத்துவிடும் பழக்கத்தை விடுங்கள். சாற்றின் ருசி இல்லாமலும் சூப் ருசிக்கும். வெங்காயத்தையும் உள்ளிப்பூண்டையும் பொன்னிறம் தாண்டும் வரை பொறுமையாக வதக்கி, பூசணியைக் கரைய விட்டு, கடைசியில் மிளகும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளியும் விட்டால் போதும். அன்று அந்தச் சின்னப் பானைக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. பானைக்குள் போனதையெல்லாம், தண்ணீர் உட்பட, ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

இதற்காக எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். "ஸ்டெல்லாக்காவிடம் சாப்பிட்டால் பயமில்லை" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பரமேஸுக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை.

5. பெரியமடு

ஓய்வுபெற்ற பிறகுதான் பரமேஸைத் தேடிப் பஸ் ஏறினேன். அவள் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, "வாங்கோ அக்கா" என்று கதிரை போட்டாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"பரமேஸ், அண்டைக்குச் சாறு விட்டது நான் எண்டு மனேஜரிட்டைச் சொல்லியிருக்க வேணும்."

"ஓம் அக்கா. சொல்லியிருக்க வேணும்."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"மூண்டு மாசம் போனைக் கையிலையே வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்" என்றாள். "இண்டைக்கு அக்கா சொல்லிப்போடுவா, நாளைக்குக் கூப்பிடுவினம் எண்டு. பிறகு பிள்ளையின்ரை படிப்பை நிப்பாட்டினன். அவள் இப்ப வவுனியாவில உடுப்புத் தைக்கிற கார்மென்ஸில நிக்கிறாள்."

கோபத்தோடு சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த மனேஜர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். விடுதியும் கைமாறிவிட்டது. நான் உண்மையைப் போய்ச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். குசினியில் கைப்பிழை யாருக்கும் வரும். பிழை விட்டால் அன்றைக்கே, அந்த அடுப்படியில் நின்றபடியே, "நான்தான்" என்று சொல்லிவிடுங்கள். நான் பிந்திப் போய்ச் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு பரமேஸின் மகளால் இனி வகுப்புக்குப் போக முடியாது.