அம்மாவின் பதிலை நான் மாற்றிச் சொன்ன நாள்

சென்ற வாரம் பள்ளிக்கூட வேலைக்காக நீங்கள் இருவரும் உலக அமைப்புகளின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். "இவங்கல்லாம் என்னப்பா செய்வாங்க?" என்று சின்னவள் கேட்டாள். "அம்மாவக் கேளு" என்று சொல்லிவிட்டு நான் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன். துடைத்து முடித்த பிறகும் உள்ளே வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

புக்கிட் ரம்பாய்க்குக் குடிவருவதற்கு முன்னால் நாம் லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பெரியவன் அப்போது ஒன்றாம் வகுப்பு, சின்னவள் கைக்குழந்தை. நான் டிராக்டர் ஓட்டினேன். உங்கள் அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். செம்பனை மரங்களுக்கு நடுவில் முளைக்கும் புல்லைக் கொல்லுகிற மருந்து அது. மருந்து நிரப்பிய தோம்பை, அதாவது பெரிய டப்பாவை, முதுகில் சுமந்துகொண்டு, கையால் பம்ப் அடித்தபடி நடக்க வேண்டும். தோம்பு ஒழுகும். காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். அம்மாவின் விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தூக்கிக்கொண்டு வந்தன. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். உங்களுக்கு அந்த நாளில் சோறு ஊட்டியது நான்தான்.

நாம் இருந்தது தோட்டத்து வீடு. வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு. முந்தின வருஷம் நிர்வாகத்தோடு சண்டை போட்ட ஒருவரின் சாமான்களைச் செம்மண் சாலையோரத்தில் இறக்கி வைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவர் வீட்டுச் சாமிப்படங்கள் நனைந்து, கண்ணாடிக்குள் சாயம் இறங்கியதைப் பார்த்தேன். அந்தச் சாமான்களை டிராக்டரில் ஏற்றி வந்தவனே நான்தான். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை.

ஒரு நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுகிற இடத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ். எல்லாம் புத்தம்புதுசு.

"என்னா மண்டோரு, நெலாவுக்கா போறோம்?" என்றார், கூட்டத்தில் மூத்தவரான பெரியக்கா.

"வெளிநாட்டுலேருந்து ஆளு வர்றாங்கக்கா. ஒலக நாடெல்லாம் சேந்து வச்சிருக்கிற ஆபீஸாம். வேலைக்காரங்கள எப்படி வச்சிருக்கோம்னு பாக்க வர்றாங்க. வாய மூடிக்கிட்டு மாட்டுங்க."

"வாய மூடத்தானே இத குடுத்திருக்கீங்க, பின்ன என்னா லா!"

எல்லாரும் சிரித்தார்கள். மண்டோரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார். "நீதான் மூணாம் பாரம் வரைக்கும் படிச்சவன். மலாய் நல்லா பேசுவ. பொம்பளைங்க சொல்றத நீ எடுத்துச் சொல்லணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டுப் படி இறங்கும்போது, "பாத்துச் சொல்லு. புள்ளகுட்டி வச்சிருக்க" என்றார். இதை நான் உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் வந்தது. அதிலிருந்து துரையும் கிராணியும் இறங்கினார்கள். பின்னாலேயே ஓர் அரசாங்க அதிகாரியும், கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வெள்ளைக்கார அம்மாளும் இறங்கினார்கள். அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்பார். அதிகாரி அதை மலாயில் சொல்வார். நான் தமிழில் சொல்ல வேண்டும். பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போக வேண்டும். துரை நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற கிராணிக்குத் தெரியும். நான் டிராக்டரில் சாய்ந்துகொண்டேன்.

மருந்தினால் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்பது முதல் கேள்வி. பெரியக்கா துரையைப் பார்த்தார். "ஒன்னும் இல்லப்பா. நல்லா இருக்கோம்னு சொல்லு." சொன்னேன். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாவது உங்கள் அம்மா. அவள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"நகம் கழண்டுக்கிட்டு வருது. மூக்குல ரத்தம் வருது. இந்த முகமூடி இன்னைக்குத்தான் வந்துச்சு. அப்படியே சொல்லுங்க."

கிராணி என்னைப் பார்த்தார். எனக்கு நனைந்த சாமிப்படங்கள்தான் கண்ணில் வந்தன. அப்புறம் என் வாய் தானாகவே பேசியது.

"சுமுவா பாய்க், துவான்."

எல்லாம் நல்லபடி இருக்கிறது, ஐயா. அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் எழுதத் தொடங்கினார்.

ஒன்றை நான் மறந்துவிட்டேன். உங்கள் அம்மா மலாய்ப் பள்ளிக்குப் போகாதவள்தான். ஆனால் வாரா வாரம் பாசாரில் மீன் வாங்குகிறவள். அந்த இரண்டு வார்த்தை அவளுக்குத் தெரியாதா? அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். துரையையும் பார்க்கவில்லை, கிராணியையும் பார்க்கவில்லை, என்னைத்தான். பிறகு கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"புக்கான், துவான்! புக்கான்!" அப்படியில்லை, அப்படியில்லை என்று சொல்லி, இரண்டு கைகளையும் அந்த நோட்டுப் புத்தகத்தின் மேலேயே நீட்டிவிட்டாள்.

பேனா நின்றது. அந்த அம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். எத்தனை நாளாக, எந்த மருந்து, முன்பு கையுறை உண்டா என்று கேட்டார். இம்முறை நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

கடைசியில் அம்மா என்னிடம் சொன்னாள்: "ஒன்னு கேளுங்க. இவங்க எழுதிட்டுப் போனா இங்க உள்ளவங்க கேப்பாங்களா?"

அந்தக் கேள்வி மூன்று மொழிகளைத் தாண்டிப் போனது. அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு வந்த பதில் இதுதான்: பார்த்ததை எழுதுவது எங்கள் வேலை. கட்டளை போட எங்களால் முடியாது. நாடுகள் சேர்ந்து எங்களை வைத்திருக்கின்றன. அவை கொடுத்த அளவுதான் எங்கள் அதிகாரம். உங்கள் பெயரை எழுத மாட்டேன்.

"பேர எழுதலன்னா என்னா, தொரைதான் மூஞ்சியப் பாத்துட்டாரே" என்றாள் அம்மா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஜீப் போன பிறகு மண்டோர் முகமூடிகளைத் திரும்ப வாங்கி, துடைத்துப் பெட்டியில் போட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆபீஸ் பையனின் மோட்டார் சத்தம் கேட்டாலே, வீட்டைக் காலி செய்யச் சொல்ல வருகிறானோ என்று வாசலுக்கு ஓடுவேன். வீட்டுச் சாமிப்படங்களை இறக்கி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் என்னோடு பேசவே இல்லை. பேசியபோது கேட்டது ஒன்றுதான்: "தொரை மறைச்சா சரி, கிராணி மறைச்சா சரி. நீங்க ஏங்க?"

மூன்றாவது வாரம் கிராணி கூப்பிட்டனுப்பினார். வீட்டைப் பற்றித்தான் என்று நினைத்தேன். ஆபீசுக்குப் போனேன். அவர் தலை நிமிராமல், "நாளையிலேருந்து மருந்தடிக்கிற எடத்துக்கு ரெண்டு தோம்பு நல்ல தண்ணியும் சவுக்காரமும் ஏத்திட்டுப் போ. ஸ்தோர்ல கையுறையும் வாங்கிக்க" என்றார்.

"வேற ஒன்னும் இல்லீங்களா, சார்?"

"வேற என்னா வேணும் ஒனக்கு?"

முகமூடி வரவில்லை. வீட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அந்த அம்மாள் எழுதியதால் தண்ணீர் வந்ததா, வேறு காரணமா, இன்று வரை எனக்குத் தெரியாது. மறுநாள் உங்கள் அம்மா முழங்கை வரைக்கும் நுரை போட்டுக் கழுவிக்கொண்டே நின்றாள். நான் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. சாமிப்படங்களை மட்டும் நான் திரும்ப மாட்டவில்லை. அடுத்த வருஷம் இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாமாகவே வெளியேறும்போதுதான் அந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தோம்.

இந்த அமைப்புகளைத் திருத்த வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். எந்த நாட்டுக்கு எந்த நாற்காலி, யார் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்றெல்லாம் பேசுகிறார்கள். அது வேண்டியதுதான். டிராக்டர் ஓட்டியவன் கேட்கிற திருத்தம் சின்னது. முன்கூட்டிச் சொல்லாமல் வரட்டும். துரையின் ஜீப்பில் வர வேண்டாம். துரை நிற்கிற இடத்தில் கேட்க வேண்டாம். தமிழ் தெரிந்த ஓர் ஆளைக் கையோடு கூட்டிவரட்டும். பயந்தவன் வாய் வழியாகப் பதில் வாங்க வேண்டாம்.

அம்மாவின் இரண்டு நகங்கள் இன்னும் கோணலாகத்தான் வளர்கின்றன. ஏன் என்று நீங்கள் கேட்டபோது, கதவில் நசுங்கியது என்றாளாம். கதவு இல்லை, பிள்ளைகளே. இதைப் படித்த பிறகு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வெளியே வாருங்கள். மோட்டார் சைக்கிள் பக்கத்தில்தான் இருப்பேன்.